வீட்டு ஈரத்தை நான் விரட்டிய விதம்

அரைகுறைப் படிப்பு ஆபத்து என்பார்கள். நான் பள்ளி இறுதி வகுப்பு வரை முழுசாகப் படித்தவள். அதனால் என்னால் விளைந்த ஆபத்தும் முழுசாகவே இருந்தது.

ஐம்பதுகளில் ஓசூரில் எங்களுக்கு வாய்த்தது ஓர் ஓட்டு வீடு. ஆடிச் சாரல் தொடங்கினால் சுவர் வியர்க்கும். பெட்டிக்குள் பட்டுப்புடவையில் பூஞ்சை. ஆணியில் தொங்கும் கணவரின் தாலுகா கச்சேரிக் கோட்டில் அதைவிடச் செழிப்பான பூஞ்சை. கதவைத் திறந்தால் சாரல் உள்ளே வரும்; மூடினால் வாடை வெளியே போக மறுக்கும். திறப்பதா மூடுவதா என்பதிலேயே எனக்குப் பாதி நாள் கழியும். ஒரு வயது ரவிக்கு மூக்கு ஒழுகாத நாளில்லை. அவன் தலையிலும் வாடை வருகிறதோ என்று முகர்ந்து முகர்ந்து எனக்கே சளி பிடித்தது.

மாமியார் மத்தூர்க்காரர். அந்த ஊர் வெயிலில் வடகம் மட்டுமல்ல, வீடே காயும். ஒருமுறை வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“இன்னாடி இது, வூடா கெணறா? அடுத்த தபா வரும்போதும் இப்பிடியே நாறுச்சுன்னா புள்ளைய மத்தூருக்குத் தூக்கினு போயிடுவேன், ஆமா!”

“சரிங்க அத்தே,” என்றேன். (பிள்ளையைத் தருகிறேன் என்பதற்கா சரி? எனக்கே தெரியாது. அவர் எது சொன்னாலும் வாயில் அதுதான் வரும்.) ஆனால் அவர் சொன்னால் செய்கிறவர். அன்றிலிருந்து என் தூக்கம் போயிற்று.

கணவரிடம் அழுதேன். “ஏதாச்சும் பண்ணு” என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அருள்வாக்கு வந்தது.

சாம்பிராணி போட்டேன். பூஞ்சை வாடை போகவில்லை; அதற்குப் பக்தி மட்டும் வந்தது. அப்போதுதான் பள்ளியில் படித்த ஒரு வரி நினைவில் மின்னியது: நீற்றாத சுண்ணாம்புக் கல் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புக் காளவாயிலிருந்து ஒரு மூட்டை வரவழைத்து, சட்டி சட்டியாக மூலைக்கு மூலை வைத்தேன். குழந்தை படுக்கும் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் மட்டும், தாயன்பு காரணமாக, பெரிய இரும்புச் சட்டி. ஒரு மாதம் கழித்து மாமியார் வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், மெத்தையும் ரப்பர் ஷீட்டும் வாடை அடித்ததால் அவற்றைச் சமையலறையில் காயப் போட்டு, கட்டில்மேல் ஒரு பழம்புடவையை மடித்து விரித்தேன். அதன் முந்தானையைத் தொங்கவிட்டுச் சட்டியை மறைத்தும் ஆயிற்று.

மாமியார் வந்தார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

“பரவால்லியே. நாத்தம் கொறைஞ்சுதான் கீது,” என்றபடி கட்டிலில் உட்கார்ந்து பேரனைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டார். விஞ்ஞானம் வென்றது என்று நான் காப்பி கலக்கக் கிளம்பினேன். அந்த நேரம் பார்த்து ரவி ஒன்றுக்குப் போனான்.

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து, “புஸ்ஸ்ஸ்.”

“அய்யய்யோ, பாம்பு!” மாமியார் பேரனை வாரிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் தெருவில் நின்றார். (மூட்டுவலி என்று வருஷக்கணக்கில் கீழே உட்காராதவர்.) பக்கத்துப் போர்ஷனிலிருந்து வீட்டுக்கார கௌரம்மா, “ஹாவு! ஹாவு!” என்று கன்னடத்தில் அலறினார். எதிர்வீட்டிலிருந்து யாரோ தெலுங்கில் “பாமு!” என்றார்கள். ஒரே பாம்பு மூன்று மொழிகளில் வளர்ந்துகொண்டிருந்தது.

அது சுண்ணாம்பு என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், பிள்ளைக்கு அடியில் சுண்ணாம்பு வைத்தவள் என்று பெயர். சொல்லாவிட்டால், பாம்பு வீட்டில் பிள்ளை வளர்ப்பவள் என்று பெயர். எது தேவலை? எதையும் இரண்டு தடவை யோசிப்பது என் வழக்கம். இரண்டாவது தடவைக்குள் கௌரம்மா ஒரு குடம் தண்ணீருடன் வந்துவிட்டார்.

“தண்ணி ஊத்துனா தானா ஆச்சே பரும், வெளிய ஓடிப் பரும், தள்ளும்மா!”

வாசலில் நின்றபடியே கட்டிலுக்கு அடியில் வீசினார். பாடத்தின் அடுத்த வரி எனக்கு அந்தக் கணத்தில் நினைவுக்கு வந்தது: நீர் பட்டால் கொதிக்கும்.

கொதித்தது. வெடித்தது. வெள்ளைக் குழம்பு சுவரெல்லாம் தெறித்தது. அறை முழுக்க ஆவி. நல்லவேளை, உள்ளே யாருமில்லை. ஆவி அடங்கியபோது, ஒரு மாதமாக உறிஞ்சிய ஈரத்தையெல்லாம் ஓடுகள் வட்டியோடு சொட்டிக்கொண்டிருந்தன. கொல்லையில் முகம் மழித்துக்கொண்டிருந்த கணவர் பாதி நுரையும் கையில் தடியுமாக வந்து நின்று, “பாம்பு எங்கே?” என்றார்.

“பாம்பு இல்லீங்க,” என்றேன். “சுண்ணாம்பு.”

தெருவே சிரித்தது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. சாரலில் பேரனை முந்தானையால் மூடியபடி என்னையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிள்ளை போயிற்று என்று நான் விசும்பத் தொடங்கினேன்.

“அழாதடி. உம் புள்ளைய நான் எங்கயும் தூக்கினு போவல,” என்றார். “இவனைத் தூக்கினு போயிடலாம். எம் புள்ளைய உங்கிட்ட வுட்டுட்டு எப்பிடிப் போறது?”

மத்தூரிலிருந்து மறுவாரமே அவருடைய பெட்டி வந்தது. மழை விடும்வரை இருப்பதாகச் சொன்னார். மழை எத்தனையோ தடவை விட்டுவிட்டது.

ரவிக்குப் பெண் பார்க்கப் போனபோது அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒன்று விடாமல் கதை முழுவதையும் சொன்னார். கடைசியில் என்னைக் காட்டி, பெண்ணின் கையைத் தட்டிக்கொடுத்தார்.

“உம் மாமியார் படிச்சவ. ஆனா நீ பயப்படாத கண்ணு, நான் கூடவே இருக்கேன்.”