காய்ச்சல் கண்ட லாரி

நீங்களே சொல்லுங்கள், பன்னிரண்டு வருஷம் அடுத்தவர் லாரியை ஓட்டிய மனுஷனுக்கு, ஒரு பழைய லாரி நல்லதா கெட்டதா என்று பார்க்கத் தெரியாதா? தெரியும். நம் டிரைவருக்கு நன்றாகவே தெரியும். ஆசை வந்துவிட்டால்தான் தெரிந்ததெல்லாம் மறந்து போகிறது.

புரோக்கர் கொட்டகையில் நின்ற சிவப்பு லாரியைப் பார்த்ததுமே ஆள் கவிழ்ந்துவிட்டார். புதுப் பெயின்ட். கேபினில் பூப்போட்ட திரை. விதவிதமாய்ப் பாடும் ஹாரன். ஒரே ஒரு குறை: ஆறிக் கிடந்தால் லேசில் ஸ்டார்ட் ஆகாது. இன்ஜின் உள்ளே தேய்ந்துபோன வண்டியின் லட்சணம் அது. சூடேறிவிட்டால் மட்டும் தொட்டதும் கிளம்பும். 'அழகு இருக்கிற இடத்தில் கொஞ்சம் அடமும் இருக்கத்தானே செய்யும்' என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

ஆனால் வாங்கப் போவது மனைவியின் நாலு வளையலை விற்று.

"வாங்கலாங்க. என் வளையல் லாரியா மாறப் போகுதுன்னா, மாறுறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பார்க்க வேணாமா?" என்றாள் அவள்.

பார்க்கட்டுமே, பார்த்தால் இவளுக்கு என்ன தெரியும்? விடியற்காலையில் பால் வாங்கப் போவதாய்ச் சொல்லிக் கிளம்பினார் டிரைவர். அவரும் புரோக்கருமாக முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டி லாரியை எழுப்பி, கொதிக்கக் கொதிக்க ஓடவிட்டு அணைத்தார்கள்.

எட்டு மணிக்கு, வீட்டுக்குப் போய்த் திரும்பிய டிரைவரோடு, இடுப்பில் குழந்தையுமாக மனைவி வந்து இறங்கினாள்.

"வா தங்கச்சி! தங்கமான வண்டி. புது பேட்டரி. நாலு நாளா யாரும் தொடல. இருந்தாலும் பாரு, சாவியை ஒரு திருகு திருகினா கிளம்பிடும்!" என்றார் புரோக்கர்.

"கொஞ்சம் இருங்கண்ணே."

குழந்தையைப் புருஷன் கையில் திணித்துவிட்டு அவள் கேபினில் ஏறினாள். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல இன்ஜின் மூடியில் புறங்கையை வைத்தாள்.

"ஏங்க, நாலு நாளா படுத்துக் கிடக்குற வண்டிக்கு ஏன் காய்ச்சல் அடிக்குது?"

புரோக்கர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் கூரையைப் பார்த்தார்.

"வெயில்டி."

"கொட்டகைக்குள்ள ஏதுங்க வெயில்?"

"இரும்புன்னா அப்படித்தான். உனக்கு லாரியைப் பத்தி என்ன தெரியும்?"

"லாரியைப் பத்தித் தெரியாதுங்க. காய்ச்சலைப் பத்தித் தெரியும். இறங்கட்டும், அப்புறம் பேசலாம். அண்ணே, அந்த பெஞ்சை இப்படி இழுத்துப் போடுங்க."

"எனக்கு வேலை கிடக்குடி!"

"லாரி பார்க்கத்தானே லீவு போட்டீங்க? உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தார். உட்கார முடியவில்லை. கால் மணிக்கு ஒரு தரம் எழுந்து போய் மூடியைத் தடவிவிட்டு வந்தார். காய்ச்சல் இறங்குகிறதே என்று கவலைப்பட்ட ஒரே மனுஷன் உலகத்திலேயே அவராகத்தான் இருப்பார்.

"இப்பவே ஒரு சுத்து ஓட்டிப் பார்ப்போமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆறட்டுங்க."

குழந்தை தூங்கி எழுந்தது. மறுபடி தூங்கியது. மூன்று மணிக்கு அவள் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

"இப்ப போடுங்கண்ணே."

புரோக்கர் சாவியைத் திருகினார். லாரி முனகியது. இருமியது. கொட்டகை முழுக்கப் புகையைக் கக்கிவிட்டுப் பேசாமல் கிடந்தது.

"பேட்டரி கொஞ்சம் மந்தம் தங்கச்சி..."

"புது பேட்டரின்னு காலையில சொன்னீங்களே?"

மறுபடி திருகினார். முனகல் மட்டும்தான் வந்தது. டிரைவர் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டார். மனைவி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். கோபமே இல்லை, குரலில் அத்தனை குழைவு.

"ஏங்க, பாவம், அண்ணன் தனியாத் திணறுறாரு. விடியக்காலையில நீங்க ரெண்டு பேருமா எப்படி எழுப்புனீங்களோ, அதே மாதிரி எனக்கும் ஒரு தடவை எழுப்பிக் காட்டுங்களேன்."