கொடுவா மருவும் திருக்கை மருவும்

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் வெறுங்கையோடு போகாதீர்கள். கையில் ஒரு மருவோடு போங்கள். மரு இல்லாதவனுக்கு, மருவுக்குக் குறி சொல்லும் மெல்ரோய் ஐயாவின் கொட்டிலில் மரியாதை கிடையாது.

காலை ஏழு மணிக்கே மீன் வெட்டும் பெண்கள், வலை இழுப்பவர்கள், குச்சவெளி பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் என்று வரிசை வீதிவரை நிற்கும். மெல்ரோய் கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடி, மருவில் ஒரு விரலை வைப்பார். நீங்கள் வெட்டிய எந்த மீன் உங்களைச் சபித்தது என்று மரு அவருக்குச் சொல்லும். சூரை மரு, பாரை மரு, கணவாய் மரு என்று நாற்பது குலம் வைத்திருந்தார். சூரை மலிந்த கிழமையில் ஊருக்கெல்லாம் சூரை மருதான். சாபம் தீர அதே மீனில் ஒன்று கொடுக்கவேண்டும். அவருடைய தம்பி சாப்பாட்டுக்கடை வைத்திருப்பது தற்செயல்.

பூசும் எண்ணெய் ஒன்றே. சைவருக்குச் சிவப்பு மூடி, கிறிஸ்தவருக்கு நீலம், முஸ்லிம்களுக்குப் பச்சை. மரு பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே உதிரும். உதிர்ந்தால் எண்ணெயின் மகிமை. உதிராவிட்டால் நீங்கள் கொடுத்த மீன் சின்னது.

மீன் வெட்டும் சுலோஜனாவுக்குக் கை நிறைய மரு. அதைவிடப் பெரிய காரியம் அவளுடைய பையில் இருந்தது: கிளினிக் துண்டு. கர்ப்பப்பை வாயில், மரு உண்டாக்கும் வைரசுக் குடும்பத்தின் பதினாறாம் இலக்க வகை. இன்று பத்து மணிக்கு மேல்பரிசோதனை. கவனிக்காமல் விட்டால் புற்றுநோயாகலாம்.

மெல்ரோய் துண்டைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தார்.

"இதுவும் மீன்சாபம்தான் பிள்ளை. கைமரு காய்ஞ்சால் உள்ளுக்கு இருக்கிறதும் காயும். நாப்பத்தொரு நாள் ஆஸ்பத்திரிப் படி மிதிக்கக்கூடாது. இரும்பு பட்டால் சாபம் சிதறிப்போம்."

கூட வந்திருந்த, பக்கத்துப் பலகையில் மீன் வெட்டும் சுஹைராவுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, மிட்வைஃப் மிஸ் என்ன சொன்னவ? இருநூறுக்கு மேல வகை இருக்கு, கையில வாறது வேற, உள்ளுக்கு இருக்கிறது வேற எண்டு சொல்லல்லயா? ஒண்டு காஞ்சா மத்தது எப்பிடிக் காயும்?"

"அவ வெறும் இலக்கம்தானே சொன்னவ? ஐயா பேரே சொல்லுறார்."

பாருங்கள். மரபணுவை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு வகை பிரித்தவர்கள், பாவம், இலக்கம் போட்டார்கள். மெல்ரோய் மீன் பெயர் போட்டார். நாம் மனிதராகும் முன்பே நம் மூதாதையர் தோலில் குடியேறி, நம்மோடு கிளைவிட்டு வளர்ந்த பரம்பரை அந்த வைரசு. மீனுக்கு அதில் பங்கில்லை. கையில் ஈரமும் கீறலும் இருந்தால் அதற்குப் போதும். ஆனால் சூரையைக் குற்றம் சொல்வது சுகம். சூரை மறுத்துப் பேசாது.

சுஹைரா படகின் ஓட்டை அடைக்கும் பசையில் ஒரு துளி எடுத்துப் புறங்கையில் ஒட்டினாள். அது காய்ந்ததும் வரிசையில் போய், பேசாமல் கையை நீட்டினாள்.

மூடிய கண். விரல். "கொடுவா. பெட்டை. சினையோட வெட்டியிருக்கிறாய்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. சுஹைரா திரும்பவும் வரிசையில் வந்து அதே கையை நீட்டினாள்.

"திருக்கை. பழிவாங்காமல் விடாது."

"ஐயா, கண்ணைத் திறங்க." நகத்தால் கிண்டினாள். மரு கழன்று அவர் மடியில் விழுந்தது. "இது போட் அடைக்கிற பசை. இதுக்குள்ள எந்த மீன் செத்தது?"

மெல்ரோய் சளைக்கவில்லை. "கொடுவாவை விழுங்கின திருக்கை!"

அங்கேதான் மாட்டினார். வரிசையில் நின்ற இலங்கைத்துறை வலைக்காரர் பேணாட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டேய், திருக்கைக்கு வாய் அடியில கிடக்கு. நண்டு பொறுக்கித் தின்னுற சாமான். கொடுவாவை எப்பிடியடா விழுங்கும்? நீ கடலைக் கண்டிருக்கிறியா?"

வரிசை கொதித்தது. பசை மருவைப் பொறுத்தவர்கள் பிழையான மீனைப் பொறுக்கவில்லை. "என்ர பாரையைத் தா!" "என்ர கணவாய் எங்கயடா?" மெல்ரோய் கதிரையை விட்டு ஓடினார்.

சுலோஜனா துண்டை நேராகத் திருப்பினாள்.

"பத்து மணிக்குப் போய்ச் சேர ஏலுமா?"

"ஓம். ஓட்டோ நிக்கிது. ஏறுங்க அக்கா, நானும் வாறன்."

ஓட்டோ கிளம்பும்போது வரிசையிலிருந்து ஒருத்தி கூவினாள்: "சுஹைரா, அப்ப உண்மையில எந்த மீன்ர சாபம்?"

அம்மா தாயே, மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணை அமுக்கிப் பார்த்துத்தானே வாங்குகிறீர்கள். உயிரை ஒப்படைக்கும் ஆளையும் ஒருதரம் அப்படித் தூக்கிப் பார்த்தால் என்ன?