பதிவு செய்யப்படாத சமாதானம்

கோடை வந்தால் எங்கள் ஊரில் நாடகம். முப்பத்தாறு வருடமாக ஒரு கோடையும் தப்பியதில்லை. நாடகம் நன்றாக இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பழைய தானியக் கிடங்கு, தகரக் கூரை, இழுத்தால் பாதியில் நின்றுவிடும் திரை. ராஜா ஒரு கையால் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டுதான் வசனம் பேசுவார். விட்டால் மூக்குக்கு இறங்கிவிடும்.

ஆனால் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருடம் யார் யாரோடு பேச்சை நிறுத்தினார்களோ, அவர்களைத்தான் அத்தை ஜோடியாகப் போடுவாள். அத்தை தையல்கடைக்காரி, நாடகம், உடுப்பு, உடுப்பு அறைச் சாவி எல்லாம் அவள் கையில். இரண்டு மாத ஒத்திகை. எதிராளி வாயைத் திறந்தால்தான் நமக்கு வசனம் வரும். "அந்த வரியை ஒழுங்காச் சொல்லித் தொலைடா" என்று ஒருவன் கத்துவான். கத்திவிட்டால் பேசியாயிற்று. அவ்வளவுதான் வித்தை.

இந்த வருடம் ஊரிலேயே ஒரே ஒரு சண்டை. அதுவும் எங்கள் வீட்டில். சைக்கிள் கடை அப்பாவும், பக்கத்து வீட்டில் இருக்கும் பெயின்டர் சித்தப்பாவும் போன வருட நாடகம் முடிந்த கையோடு பேச்சை நிறுத்தி, பதின்மூன்று மாதமாகப் பேசவில்லை. காரணம், ஓர் ஏணி. கொடுத்தேன் என்கிறார் அப்பா. அன்றைக்கே திருப்பி வைத்துவிட்டேன் என்கிறார் சித்தப்பா. ஏணி இரண்டு வீட்டிலும் இல்லை.

பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் சும்மா இருப்பதாக ஊர் நினைக்கிறது. "உங்க சித்தப்பாகிட்ட சொல்லு", "உங்க அப்பாகிட்ட சொல்லிடு" என்று வேலி தாண்டியே என் செருப்பு தேய்ந்தது. இடுப்பளவு வேலி. ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழும். இருந்தாலும் நான் போய்ச் சொன்னால்தான் செல்லும்.

அதனால் நாடகத்துக்காக என்னைப் போல் யாரும் காத்திருக்கவில்லை. இருவருக்கும் அக்காவான அத்தை, இருவரையும் காதலன் காதலியாகப் போட்டிருந்தாள். அப்பாதான் காதலி.

அந்த நேரத்தில்தான் சமூகப் பயன் மதிப்பீட்டு அலுவலர் வருகை புரிந்தார். இப்போது எதற்கும் பயனை அளக்க வேண்டுமாம். போன மாதம் பூங்கா பெஞ்சை அளந்தார்களாம், உட்கார்ந்தவர்களில் எத்தனை பேருக்கு மனசு லேசானது என்று.

"இந்த நாடகத்தால என்ன பயன்?"

"சண்டை தீரும் சார்," என்றாள் அத்தை.

"இந்த வருஷம் எத்தனை சண்டை?"

"ஒண்ணு."

அலுவலர் பேனாவை மூடினார். "குறைஞ்சது நாற்பது வேணும்மா."

"வருஷாவருஷம் தீர்த்துத் தீர்த்துத்தானே சார் ஒண்ணுல வந்து நிக்குது."

"அப்போ உங்க ஊருக்கு நாடகம் தேவையில்ல. கிடங்கைப் பூட்டிடலாம்."

"தீர்க்காம விட்டிருந்தா?"

"நாடகத்தால பயனில்லன்னு ஆயிருக்கும். அப்பவும் பூட்டியிருப்போம்."

பத்து நாள் அவகாசமும், சண்டைக்கு ஒன்றாக நிரப்ப ஒரு கட்டுப் படிவமும் கொடுத்தார்.

அத்தை ஊரைக் கூட்டினாள். "நாடகம் வேணும்னா சண்டை போடுங்க. சும்மா பேருக்குத்தான்."

படிவத்தில் 'தகராறின் காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதுதான் வினையாயிற்று. பேருக்கு எழுத உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் நிஜமான காரணம் கைவசம் இருந்தது. தபால்காரர் கூடுதல் தாள் கேட்டார். பேக்கரிக்காரர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "என் இருமலா உனக்கு இடைஞ்சல்? இருபது வருஷமா இதை மனசுலயா வெச்சிருந்த?" என்று பாய்ந்தார். சாயங்காலத்துக்குள் நாற்பத்திரண்டு சண்டை. எல்லாம் அசல்.

அப்பா, சித்தப்பா படிவம் மட்டும் திரும்பி வந்தது. பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்ட தகராறு காலாவதியானதாம். பயனாளி அல்லாதோர் மேடை ஏறக் கூடாதாம். காதலி உடுப்பை அத்தை திருப்பி வாங்கிக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாடகத்தன்று மேடையில் எண்பத்துநாலு பேர். ஒத்திகையே கிடையாது. ஜோடி ஜோடியாக வருவார்கள், "வணக்கம் நண்பா" என்பார்கள், கட்டிப்பிடிப்பார்கள். அலுவலர் போட்டோ எடுப்பார். ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம் முறைத்துக்கொண்டே போவார்கள். இருநூறு நாற்காலிக்குப் பார்வையாளர்கள் மூன்றே பேர். ஒரு மூலையில் அப்பா, மறு மூலையில் சித்தப்பா, நடுவில் நான். தூண் மறைக்கிறது என்று இருவரும் நகர்ந்து நகர்ந்து என்னிடமே வந்து சேர்ந்தார்கள்.

பேக்கரிக்காரரும் தபால்காரரும் கட்டிப்பிடித்துப் பிரிந்தபோது, தபால்காரரின் ஒட்டுத்தாடி பேக்கரிக்காரர் தோளோடு போய்விட்டது.

"பார்றா, தாடி கட்சி மாறிடுச்சு," என்றார் அப்பா.

"போன இடத்துலதாண்ணே அது நல்லா இருக்கு," என்றார் சித்தப்பா.

மிச்ச நேரமெல்லாம் இருவரும் சேர்ந்து மேடையைக் கிண்டலடித்தார்கள். நாற்பத்திரண்டு தகராறும் தீர்ந்ததாக அலுவலர் எழுதிக்கொண்டார். எண்பத்துநாலு பேரும் பேசாமல் வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு வாரத்தில் எங்களுக்கு நோட்டீஸ் வந்தது. 'தங்கள் இருவரிடையே பதிவு செய்யப்படாத சமாதானம் நிகழ்ந்திருப்பது இவ்வலுவலகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. உரிய விளக்கம் அளிக்கவும்.' டீ குடித்துக்கொண்டே இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். கூடவே வந்த படிவத்தின் முதல் கேள்வியைச் சத்தமாகப் படித்தேன்: 'முதலில் இறங்கி வந்தவர் யார்?'

"இவன்தான்னு எழுது," என்றார் அப்பா.

சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "யாரு முதல்ல பேசினது?"

"நான் தாடியைப் பத்திப் பேசினேன். உன்கிட்டயா பேசினேன்?"

"அப்போ தாடிகிட்டயா பேசின?"

"ஏணியை முழுங்கினவன்கிட்ட எனக்கென்னடா பேச்சு!"

சித்தப்பா வேலியைத் தாண்டிப் போய்விட்டார். அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "உங்க அப்பாகிட்ட சொல்லிடு…"

நான் அத்தையைத் தேடி ஓடினேன். கிடங்கின் உடுப்பு அறை அன்றைக்குத்தான் திறந்து கிடந்தது. சுவருக்குச் சுவர் குறுக்கே கட்டிய ஒரு கம்பத்தில் எல்லா உடுப்பும் தொங்கின. ஒரு அங்கியை விலக்கினேன். அது கம்பம் இல்லை. படிகளெல்லாம் சித்தப்பாவின் நீலப் பெயின்ட்.

"அத்தை, இது…"

"கத்தாதடி. போன வருஷ நாடகம் முடிஞ்சப்போ ஊர்ல ஒரு சண்டைகூட மிச்சமில்ல. இந்த வருஷம் நான் யாரைப் போட்டு நாடகம் நடத்துறது?"

"இப்பவே அப்பாகிட்ட சொல்லப் போறேன்."

"சொல்லு. சண்டை தீரும். பட்டியல்ல ஒண்ணு குறையும், கிடங்கைப் பூட்டுவாங்க. அப்புறம் அடுத்த சண்டைக்கு அவங்களை யார் சேர்த்து வைப்பா?" புதுப் படிவத்தை நீட்டினாள். அடுத்த வருட இலக்கு நாற்பத்தாறு. பழையதெல்லாம் காகிதத்தில் தீர்ந்துவிட்டதால் அத்தனையும் புதிதாக வேண்டும். முதல் வரியில் அப்பாவும் சித்தப்பாவும், இன்றைய தேதியோடு.

"ஏண்டி, பேக்கரிக்காரர் மண்வெட்டியை எங்க வைப்பாருன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.