சைக்கிள் மட்கார்டில் ஐந்து விரல்கள்

கோலாலம்பூர்,
17 மார்ச் 1934, சனிக்கிழமை, காலை 6 மணி 40 நிமிடம்.
நான் ஏற்பாடு செய்த திருடன் ஒருவன். பட்டதாரிகள் பிடித்த திருடர் ஒருவர். இருவரும் ஒரே ஆள் அல்ல.

கிள்ளானில் வாழும் மாமா கந்தப்பு அவர்களுக்கு, மருமகன் யோகநாதன் வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் சுகத்தையும் மாமியின் முழங்கால் சுகத்தையும் சிவபெருமான் கவனித்துக்கொள்வாராக. மரியாதை இத்துடன் முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். பிறிக்பீல்ட்ஸ் கார்த்திகேசு வீட்டுச் சம்பந்தத்தை உடனே நிறுத்திவிடுங்கள்.

காரணம் சொல்கிறேன். இந்தப் பொலிஸ் பாசறையில் இன்ஸ்பெக்டர் வேலைக்கு வந்திருக்கும் நான்கு பட்டதாரிகளுக்கு விரல்ரேகை, கால்தடம், களவு நடந்த இடத்தைப் பார்க்கும் முறை எல்லாம் ஆறு மாதமாக நான்தான் கற்பிக்கிறேன். சிங்கப்பூரில் இரண்டு வருடம் படித்த வித்தை. கற்பவர்களில் ராதாகிருஷ்ணன் என்பவர் சென்னையில் தத்துவம் படித்த பி.ஏ. 'திருடன் யாருங்கறதுக்கு முன்னாடி, "யார்"ங்கறது என்ன சார்?' என்று கேட்கக்கூடியவர். பூதக்கண்ணாடியை நேராகப் பிடிக்க அவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. இந்த வகுப்பு நிலைத்தால் என் வேலை நிலைக்கும், வேலை நிலைத்தால்தான் கார்த்திகேசு பெண் தருவார் என்று எழுதியவர் நீங்கள். நிலைக்குமா என்று நேற்றைய செய்முறைச் சோதனையைப் பார்த்துப் பாசறையின் வெள்ளைக்காரத் துரை முடிவுசெய்வதாக இருந்தது. வெற்று அறை வேண்டாம், ஆட்கள் புழங்கும் வீடு வேண்டும் என்றார். கார்த்திகேசுவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

திட்டம் யாருக்கும் புரியும். வெள்ளி மத்தியானம் இரண்டரைக்கு நானே திருடனாகப் பின்பக்க யன்னலால் ஏறி, அலுமாரியில் விரல்களைப் பதித்து, அவர்கள் வீட்டு வெள்ளித் தட்டத்தைக் கொண்டுபோய்விடுவேன். வீட்டார் எதையும் தொடக்கூடாது. மூன்று மணிக்குப் பட்டதாரிகள் வந்து, திருடன் தங்கள் வாத்தியார்தான் என்று ரேகையை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அவர்களுக்கு இது தெரியாது. ஆனால் கார்த்திகேசு குடியிருக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுவதற்கும் தெரிந்திருந்தது. நான் போனபோது வேலியோரம் சனம் திரண்டு நின்றது. "எந்த யன்னலால ஏறுவாராம்?" "உதாலதான். தம்பி, காலைப் பாத்து வையும், பூக்கண்டு கிடக்கு." உள்ளே குதித்தால் வீட்டுக்கார அம்மா பூமணி கதிரையைத் துடைத்துப் போட்டுக் காத்திருக்கிறார். "முதல்முதல் வீட்டுக்கு வாற மாப்பிள்ளை வெறும் வயித்தோட களவெடுக்கிறதோ? இரும்." திருட வந்தவன் மூன்று வடை தின்று கோப்பி குடித்தேன். பிறகு அலுமாரியில் பத்து விரலையும் பதித்துத் தட்டத்தை எடுத்தேன். போகும்போது யன்னலில் காலை வைத்தேன், கார்த்திகேசு பிடித்து இழுத்தார். "நல்ல காரியத்துக்கு வந்தவர் வாசலாலதான் போகவேணும்." தட்டத்தோடு வாசலால் போய், பின்பக்கம் நிறுத்தியிருந்த என் சைக்கிளில் வைத்து, மழைக்கோட்டால் மூடிவிட்டு, முன்பக்கம் வந்து நின்றேன்.

பட்டதாரிகள் வந்தார்கள். பூமணி அம்மாள் நால்வரையும் சப்பாத்துக் கழற்றவைத்து, நெற்றியில் திருநீறு பூசி உள்ளே விட்டார். ஹாங்காங்கில் படித்த லிம் என்பவரையும் விடவில்லை. பார்த்தால் அது திருநீறே அல்ல, விரல்ரேகை எடுக்க நான் கொண்டுபோன வெள்ளைப் பொடி. மாப்பிள்ளை கோயிலில் இருந்து கொண்டுவந்தது என்று எண்ணி, டின்னோடு சாமி அறைத் தட்டில் கொட்டிவிட்டார். அதைத் திரும்ப அள்ளிக்கொண்டு அலுமாரிக்குப் போனோம். அலுமாரி தேங்காய் எண்ணெயில் பளபளக்கிறது. "நாலு பேர் வந்து பாக்கப்போகினம், தூசியோட விடுறதே? அதுதான் துடைச்சனான்," என்றார் பூமணி அம்மாள்.

என் பத்து விரலும் போச்சு. ராதாகிருஷ்ணன் என் முகத்தைப் பார்த்தார். "சார், திருடனே இல்லாத திருட்டு இருக்க முடியுமா?" அந்த நேரம் பார்த்துத் துரையின் கார் வந்து நின்றது. வேறு வழியில்லாமல், பின்பக்கம் ஒரு சைக்கிள் நிற்கிறது, அதையும் பாருங்கள் என்று நானே சொன்னேன். மழைக்கோட்டைத் தூக்கினார்கள். தட்டம் இல்லை.

மாமா, அது பூமணி அம்மாளின் சீதனத் தட்டம். கார்த்திகேசு படியில் குந்திவிட்டார். என் வேலையும் நீங்கள் பேசிய சம்பந்தமும் அந்தத் தட்டத்தோடு போனதாகவே நினைத்தேன். ஆனால் ராதாகிருஷ்ணன் தத்துவம் பேசாமல் குனிந்தார், லிம் பொடியைத் தூவினார். கறுப்பு மட்கார்டில் வலது கை ஐந்து விரல்கள், பூப்போலத் தெளிவாக எழுந்தன. என் விரல்கள் அல்ல. கார்த்திகேசு, பூமணி, வேலியில் நின்றவர்கள், எல்லாரின் ரேகையையும் எடுத்து ஒப்பிட்டார்கள். பொருந்தவில்லை. மிஞ்சியது ஒரே ஆள், கதவின் பின்னால் நின்ற, நீங்கள் எனக்குப் பேசிய மகள் சந்திரகலா.

ராதாகிருஷ்ணன் மைத்தட்டோடு போனார். பூமணி அம்மாள் குறுக்கே வந்தார். "நில்லும் தம்பி. குமர்ப்பிள்ளையின்ர கையை நீர் பிடிக்கிறதோ?" விரலை எடுப்பவர்தான் பிடித்து நகத்தின் ஓரத்திலிருந்து ஓரம்வரை உருட்ட வேண்டும், அது முறை என்று விளக்கினேன். கார்த்திகேசு எழுந்தார். "அப்ப பிடிக்கவேண்டியவர் பிடிக்கட்டும்." துரை பார்க்க, குவார்ட்டர்ஸ் பார்க்க, அவள் பத்து விரலையும் நான் உருட்டினேன். "தாலிக்கு முந்தி மை," என்றாள் வேலியில் ஒருத்தி. எல்லாரும் கைதட்டினார்கள். லிம் துரையின் காதில் என்ன சொன்னாரோ, துரை வந்து என் மைக் கையைக் குலுக்கினார்.

ரேகை பொருந்தியது. தட்டம் அரிசிப் பானைக்குள் இருந்தது. ஏன் எடுத்தாய் என்றேன். "கள்ளன் ஆரெண்டு றோட்டில நிண்ட எல்லாருக்கும் தெரியும். பிறகென்ன சோதினை?" என்றவள், போகும்போது, "சின்னவிரலை ஒழுங்காய் உருட்டேல்லை நீங்கள், மை திட்டாய்க் கிடக்கு," என்றும் சொன்னாள். என்னிடம், மாமா. துரைக்கு ஒரே சந்தோஷம். வாத்தியாருக்கே தெரியாத களவைப் பிடித்த வகுப்பு நிரந்தரம், நானும் நிரந்தரம் என்றார். அடுத்த வருடக் களவையும் அந்தப் பெண்ணே ஏற்பாடு செய்யட்டும் என்றார். இதற்குப் பிறகும் அந்த வீட்டு வாசலை நான் மிதிப்பதா?

மாமிக்கு என் அன்பு. முழங்காலுக்கு எண்ணெய் தடவச் சொல்லுங்கள், அலுமாரிக்கு வேண்டாம். இனி நான் செய்யப்போவது:

1. சம்பந்தம் வேண்டாம் என்று இன்று மத்தியானம் கார்த்திகேசுவுக்கு எழுதுவேன்.
2. அடுத்த சோதனையை உங்கள் பக்கத்துக் கேரித் தீவில், மாப்பிள்ளை தேடாத ஒரு வீட்டில் நடத்துவேன்.
3. சந்திரகலாவின் ரேகை அட்டையைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, வேலையைப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
யோகநாதன்

பி.கு.: பெட்டியில் போடுமுன் அட்டையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒன்பது விரல் சுத்தம். வலது கைச் சின்னவிரல் திட்டாகத்தான் இருக்கிறது. குறையுள்ள அட்டையைப் பூட்டி வைக்க எனக்கு மனம் வராது, மறுபடி எடுத்தாக வேண்டும். மேலே எழுதிய மூன்றையும் அடித்துவிடுங்கள். அந்த விரலை எடுக்க ஒரு நல்ல நாள் பார்த்து எழுதுங்கள், பங்குனி தாண்ட வேண்டாம்.