இதயமும் நுரையீரலும் ஒரே பெஞ்சில் உட்காரக் கூடாது

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன், செவிலியர் கல்லூரி நூலகன், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வயிறு விடவில்லை.

நீங்கள் எழுதிய உடற்கூறு புத்தகம் எங்கள் நூலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது, கடையிலும் கிடைப்பதில்லை. அடுத்த வாரம் பரீட்சை என்றதும் பிள்ளைகள் மொத்தமாக ஜெராக்ஸ் எடுக்க வந்து நின்றார்கள். படிப்புக்காகக் கொஞ்சம் நகலெடுக்கலாம், முழுப் புத்தகத்துக்கு ஆசிரியரின் அனுமதி வேண்டும் என்பது விதி. உங்களிடம் கேட்டால் சொந்தக்காரன் என்று சலுகை கேட்டதாகிவிடுமே என்று, நானே ஆளுக்கு ஓர் அத்தியாயம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டேன். ஓரவஞ்சனை என்று யாரும் பேசிவிடக் கூடாதே என்று இங்கேயே படிக்கும் நம் வீட்டுப் பெண்ணுக்குக் காது அத்தியாயம் மட்டும்.

அதோடு விட்டதா? கேன்டீனில் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் அங்கே முழுப் புத்தகமும் சேர்ந்துவிடுகிறதே! ஓடிப்போய் இதயத்தையும் நுரையீரலையும் வேறு வேறு பெஞ்சுக்கு விரட்டினேன். சிறுநீரகம் அழுதுகொண்டே எழுந்து போனது. உங்கள் தங்கை, "எங்க அண்ணன் புத்தகத்துக்கு நீங்க எதுக்குங்க காவல் காக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, அன்று சமைக்கவில்லை. கேன்டீனில் கண்டதைத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே போனால், வார்டில் பயிற்சிக்கு நின்றதும் இதே பிள்ளைகள்தான்.

"நான் நுரையீரல் சார். நீங்க நல்லாத்தான் மூச்சு விடறீங்க."

"வயிறு யாரும்மா?"

"அவளுக்கு வயித்து வலி சார். லீவு."

கடைசியில் நம் பெண் வந்தாள். டார்ச் அடித்து இரண்டு காதையும் பார்த்தாள். "காது சுத்தமா இருக்குப்பா. ஆனா யார் சொல்றதும் உள்ள போக மாட்டேங்குது. பரீட்சையில முழு உடம்பையும் கேப்பாங்க, நான் வெறும் காதை வெச்சுக்கிட்டு என்ன எழுதறது?" என்றாள். மச்சான், எனக்கு வயிற்று வலியே மறந்துபோயிற்று. உங்கள் மருமகள் ஃபெயிலானால் அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது. சலுகையோ கிலுகையோ, முழுப் புத்தகத்தையும் நகலெடுக்கலாம் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள், தலை முதல் கால் வரை, அத்தியாயம் விடாமல்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையிடம் தினமும் திட்டு வாங்கும் மாப்பிள்ளை

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது உங்கள் கடிதம் வந்துவிட்டது. நம் பெண் எனக்குத் தெரியாமல் உங்களிடம் கேட்டிருக்கிறாள். முழுப் புத்தகத்தையும் எத்தனை பேர் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம் என்று கையெழுத்தே போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். கண் கலங்கிவிட்டது, மச்சான். கோப்பில் வைக்க அந்தக் கடிதத்துக்கு ஒரு ஜெராக்ஸ் கேட்கிறார் கல்லூரி முதல்வர். மிஷின்வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். அந்தக் கடிதத்தை நகலெடுக்கலாம் என்று நீங்கள் எங்கேயும் எழுதவில்லையே!