எண்பத்தேழாயிரம் ரூபாய்க்கு ஒரு வாட்டர் வாஷ்

எனக்கு அழுக்கு ஆகாது. சட்டைக் காலரில் ஒரு கோடு, கண்ணாடி டம்ளரில் ஒரு விரல் ரேகை, எதைப் பார்த்தாலும் துடைத்துவிட்டுத்தான் மறுவேலை. இதை ஒரு நல்ல குணம் என்று முப்பத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நல்ல குணத்துக்கு ஒரு சனிக்கிழமை எண்பத்தேழாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய் பில் வந்தது. (ஜிஎஸ்டி சேர்த்துத்தான். அதை மட்டும் விட்டுவிடுவார்களா என்ன?)

எனக்கு ஊர் திருச்செங்கோடு. பெரியப்பா மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், மூன்று போர் வண்டி வைத்திருக்கிறார். பூமியில் குழாய்க் கிணறு போடும் லாரிகள். அவர் ஆபீசில் நான் மேனேஜர். அதாவது, எந்த வண்டி எந்த மாநிலத்தில் எந்தச் சேற்றில் மாட்டியிருக்கிறது என்று நாள் முழுக்கப் போனில் விசாரிப்பவன். ஆயுத பூஜை சமயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் அதிகாரம் வரும். ஊர் ஊராகச் சுற்றிய வண்டிகள் யார்டுக்குத் திரும்பும். மாதக்கணக்கில் அப்பிய சேற்றையும் கிரீஸையும் பிரஷர் பம்ப் வைத்து அடித்துக் கழுவுவோம். இன்ஜின், கம்ப்ரசர், எதற்கும் தயவு தாட்சண்யம் கிடையாது. அடிக்கிற அடியில் போன வருடத்துச் சந்தனப் பொட்டுகூடப் பறந்துவிடும். தண்ணீர் வடிந்ததும் சாவி போட்டால் வண்டி உறுமிக்கொண்டு நிற்கும். எல்லா வண்டியும் அப்படித்தான் என்று நான் நினைத்தது ஒரு குற்றமா? (குற்றம்தான். வீட்டில் தீர்ப்பே ஆகிவிட்டது.)

என் மனைவி கவிதா ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறாள். பதினோரு வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தவள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, என்னிடம்கூட ஒரு ரூபாய் வாங்காமல், சின்னதாக ஒரு வெள்ளைக் கார் வாங்கினாள். அப்போது அது வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பூஜை விடுமுறை முடிந்து, திங்கட்கிழமை முதல் அவளே ஓட்டிக்கொண்டு காலேஜ் போவதாக ஏற்பாடு. தனியாக ஓட்டப் போகும் முதல் நாள். காலண்டரில் அந்தத் திங்கட்கிழமையைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள்.

விடுமுறைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு பரமத்தி வேலூரில் இருக்கும் அப்பா வீட்டுக்குக் கிளம்பியபோது வாசலில் நின்று சொன்னாள்.

"ஏனுங்க, பூஜைக்கு முந்தின நாளு வந்துருவேன். நானே தொடச்சு நானே பொட்டு வெச்சுக்கறேன். அதுவரைக்கும் உங்க போர் வண்டி ஆளுக ஒருத்தரும் எங்காருப் பக்கம் வரக்கூடாதுங்க."

"ஒருத்தரும் வர மாட்டாங்க. நான் பாத்துக்கறேன், நீ போ."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். ஒருத்தரும் வரவில்லை. நான்தான் காரை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போனேன்.

சனிக்கிழமை யார்டில் கழுவும் வேலை நடந்துகொண்டிருந்தது. கவிதா திரும்பி வரும்போது கார் ஷோரூமில் இருந்ததைவிடச் சுத்தமாக நிற்க வேண்டும், அவள் அசந்துபோக வேண்டும் என்பது என் திட்டம். (அசந்துதான் போனாள்.) வெளிப்பக்கம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. பானெட்டைத் தூக்கினேன். உள்ளே மெல்லிசாகப் புழுதி. என்னால் தாங்க முடியவில்லை, பம்பை வாங்கிக்கொண்டேன்.

எங்கள் யார்டு மெக்கானிக் பழனியப்பண்ணன் முப்பது வருடம் லாரிக்கு அடியில் படுத்தே வாழ்ந்தவர். கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"சாமி, இது நம்ம லாரி இல்லீங்க. காருக்கு உள்ளார மூளை இருக்குதுங்க. அந்தப் பக்கம் தண்ணியக் காட்டாதீங்க."

"மூளை இருந்தா அதையுஞ் சேத்துக் கழுவிப்போடலாமுங்ண்ணா" என்றேன்.

யார்டே சிரித்தது. நாலு பேர் சிரித்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. அந்த உற்சாகத்தில், ஓரத்தில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டியின் மூடியையும் நெம்பிக் கழற்றினேன். உள்ளே வரிசையாக பியூஸ்கள், இடுக்கெல்லாம் தூசி. பம்பை ஃபுல்லாகத் திருகி, ஒரு இடுக்கு விடாமல் அடித்தேன். ஒவ்வொரு இடுக்கிலும் தண்ணீர் நிரம்பி வழிந்தது. பார்க்கப் பார்க்க மனசு குளிர்ந்தது.

பத்து நிமிடம் வெயிலில் நிறுத்திவிட்டுச் சாவியைத் திருகினேன். இன்ஜின் ஒரு முறை முனகிவிட்டு அடங்கியது. ஆனால் மற்றதெல்லாம் ஓடியது. நான் தொடாமலே வைப்பர் ஆடியது, ஹாரன் அலறியது. டேஷ்போர்டில் அதுவரை பார்த்தேயிராத விளக்கெல்லாம் எரிந்தன. சாவியை உருவிய பிறகும் ஹாரன் நிற்கவில்லை. பழனியப்பண்ணன் வந்து பேட்டரி வயரைக் கழற்றினார். "நாந்தான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மனுஷன் அதையும் சொல்லவில்லை.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு ஈரோட்டு சர்வீஸ் சென்டருக்குப் போனோம். கையில் டேப்லெட் வைத்திருந்த ஒரு தம்பி பானெட்டைத் திறந்து பார்த்து, மரியாதையாகக் கேட்டான்.

"சார், வண்டி வெள்ளத்துல மாட்டிக்கிச்சுங்களா?"

வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். அந்த மாதம் முழுக்க எங்கள் பக்கம் ஒரு தூறல்கூட இல்லை.

"இல்லீங்க தம்பி. வந்து... நாந்தாங்க கழுவுனேன்."

அவன் சிரிக்கவில்லை. சத்தமில்லாமல் டேப்லெட்டைத் தட்டினான். அரை மணி நேரத்தில் எஸ்டிமேட் வந்தது. படித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். போர் வண்டிக்கு லட்சக்கணக்கில் செலவாவதைத் தினமும் பார்ப்பவன் நான். அங்கே ஒரு பொருள் வாங்கினால் இறக்கவே நாலு ஆள் வேண்டும், கொடுக்கிற காசுக்குக் கண்ணுக்கு ஏதாவது தெரியும். இங்கே டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி, நாற்பத்தெட்டாயிரம். அதுதான் அந்த மூளை. பியூஸ் பெட்டி தனி, வயரிங் தனி, ஆல்டர்னேட்டர் தனி. அந்த ஏசி ரூமில் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

"வாரண்டி இருக்குதுங்களே தம்பி. ஒரு மாசந்தானே ஆச்சு?"

"வாரண்டில வராதுங்க சார். இன்சூரன்ஸும் கஷ்டங்க. வெள்ளம்னா எழுதலாம், ஆக்சிடெண்ட்னா எழுதலாம். நீங்க கழுவுனதை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு தெரியலீங்க."

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். (தண்ணீர் என்னை அப்போதும் விடவில்லை.) பேரம் பேசலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான். "அப்ரூவல் வந்துருச்சுங்க சார். வேலையை ஆரம்பிச்சறலாம். புதன்கிழமை குடுத்தறோம்." மேலிடத்தில் யாரோ பெரிய மனது வைத்து அவசர வேலையாக எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, முகம் தெரியாத அந்த ஆளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அடுத்த நாலு நாள் நான் பேசிய பொய்க்குக் கணக்கில்லை. கவிதா தினமும் போன் பண்ணினாள்.

"காரு எப்படி இருக்குதுங்க?"

"நிழல்ல நிக்குது." (ஒர்க்ஷாப்புக்குக் கூரை உண்டு.)

"தூசி கீசி படிஞ்சிருக்குதுங்களா?"

"சுத்தமா இல்லை."

என் பேங்கில் இருந்தது இருபத்தோராயிரம். அண்ணனிடம் அட்வான்ஸ் கேட்கலாம் என்றால் கதை முழுவதும் சொந்தபந்தம் அத்தனைக்கும் அன்று மதியமே போய்ச் சேர்ந்துவிடும். மிச்சம் இருந்தது என் புல்லட் ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன்னால், முதல் வேலையில் சேர்த்த பணத்தில் வாங்கியது. எங்கள் டிரில்லர் ஒருவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டாயிரத்துக்குக் கொடுத்தேன். அவர் உதைத்து ஸ்டார்ட் பண்ணி யார்டு கேட்டைத் தாண்டியபோது, ஆபீசுக்குள் போய் எதையோ தேடுவதுபோல மேஜை டிராயரைத் திறந்து திறந்து மூடினேன். அழுகை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

புதன்கிழமை மதியம் பணத்தைக் கட்டி காரைக் கொண்டுவந்து, இருந்த இடத்திலேயே நிறுத்தினேன். சாயங்காலம் கவிதா வந்தாள். பையை இறக்கி வைத்துவிட்டுக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"பளபளன்னு இருக்குதுங்களே."

"நான் தொடவேயில்லை."

கைப்பையிலிருந்து போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள். அதே எஸ்டிமேட். அதே எண்பத்தேழாயிரத்து அறுநூற்று நாற்பது. கீழே பச்சை எழுத்தில் 'வாடிக்கையாளர் ஒப்புதல் அளித்தார்' என்று இருந்தது. கார் அவள் பெயரில். கொடுத்திருந்த நம்பரும் அவள் நம்பர். நான் நன்றி சொன்ன பெரிய மனது பரமத்தி வேலூரில் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டே பட்டனை அமுக்கியிருக்கிறது.

"பைக்கை வித்ததுந் தெரியுமா?" என்றேன்.

"வாங்குனவரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வண்டிக்கு மாலை போட்டு வெச்சிருந்தாருங்க." போனைக் கைப்பைக்குள் போட்டாள். "தண்ணி அடிச்சீங்க, போயிருச்சு, சரி பண்ணியாச்சு. அதுல எனக்கு ஒண்ணுமில்லீங்க. தெனமும் நானா போன் பண்ணி, இன்னைக்காச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன். நாலு நாளும் சொல்லலியே. அதுக்கு எஸ்டிமேட்டு யாருங்க போடுவாங்க?"

எண்பத்தேழாயிரம் என்று படித்தபோதுகூட எனக்கு இப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. மன்னிப்புக் கேட்டதே ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகுதான், அதுவும் தட்டைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் அவளே ஈரத் துணியால் துடைத்து, அவளே பொட்டு வைத்தாள். என்னைக் கற்பூரம் காட்ட மட்டும் விட்டாள். திங்கட்கிழமை அவள் முதன்முதலாகத் தனியாக ஓட்ட வேண்டிய காரில் பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். ஆபீசுக்குப் போக எனக்கு வேறு வண்டி இல்லை. இன்றைக்கும் யார்டு வாசலில் என்னை இறக்கிவிட்டுத்தான் போகிறாள்.

பரமத்தி வேலூரில் என் மாமனார் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மருமகனைக் கிண்டல் பண்ணுகிற ஆளே இல்லை. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கிளம்பினேன். அவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு, வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கவிதா, மாப்பிள்ளை குளிக்கப் போறாரு. காரை எடுத்து ரோட்டுல நிறுத்தீரு சாமி."

அவளும் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.