சொந்த வீட்டுக்காரி பவுனம்மாள்

உலகத்தில் எந்த அரசாங்கத்தாலும் ஒழிக்க முடியாத ‘வீடில்லாதவர்’ என்னும் இனத்தை, காபி ஆறுவதற்குள் ஒழித்துக்கட்டிய பெருமை பாகூருக்குப் பக்கத்திலிருக்கும், பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் பஞ்சாயத்து மாதிரியான எங்கள் கொம்யூனுக்கே உண்டு. ஆண்டு 1934. அந்தத் தீர்மானத்தை என் கையால் எழுதிய குமாஸ்தா நான்.

கொம்யூன் தலைவரான எங்கள் மேர் சிவப்பிரகாசம் பிரெஞ்சில் ஒரு பொருளாதாரப் புத்தகம் படித்தவர். முழுக்க அல்ல, பாதி. ‘இலவசம் மனிதனைக் கெடுக்கும்’ என்பது வரை படித்ததும் புல்லரித்துப்போய் மூடிவிட்டார். பிறகு கரும்பு போடுவதற்காக, தம் நிலத்தில் குடியிருந்த கூலிக்காரர்களுக்கு வெளியேறும் ‘சுதந்திரம்’ வழங்கினார்.

எங்கள் பக்கத்தில் மண் நிலக்காரருக்கு. கழியும் கீற்றும் கதவும் குடியிருந்தவருக்கு. ஆகவே அந்தக் கூலிக்காரர்களில் ஒருத்தியான பவுனம்மாள் தன் குடிசையைப் பிரித்துத் தலையில் சுமந்துகொண்டு சந்தைக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தாள். கூடவே, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த மகள் விஜயகுமாரி. நிறைமாதம். ஐப்பசி வேறு பிறந்துவிட்டது.

கொம்யூன் கூட்டத்தில் பவுனம்மாள் கும்பிட்டாள். “பொண்ணுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குதுங்க. மழ வுடற வரைக்கும் கொட்டாய்ல இருந்துக்கறோம்.”

“உனக்குத்தான் வூடு இருக்குதே!” என்றார் மேர்.

“எங்க சாமி?”

“தலமேல தூக்கினு வந்தியே, அது இன்னா?”

“அது கழியும் கீத்துங்க. நட எடம் வேணாமா?”

“எடம் வேற, வூடு வேற. எடமில்லாதவங்கன்னு புத்தகத்துல ஒரு இனமே கிடையாதும்மா.”

உறுப்பினர் அப்துல் சமது தயங்கித் தயங்கிக் கேட்டார்: “மழ பேஞ்சா?”

“மழை இயற்கை விதி. அதுல கொம்யூன் தலையிடக் கூடாது.”

அடடா, என்ன தெளிவு! எல்லோரும் கைதட்டினார்கள். வீடில்லாதவர் எண்ணிக்கை பூஜ்யம் என்று எழுதினேன். வீட்டுக்காரர்களுக்குக் கொட்டகை எதற்கு? பூட்டிவிட்டோம்.

நாலாம் நாள் கொட்டகைச் சுவரில் சாய்த்த கீற்றுக்கடியில், கொட்டுகிற மழையில், விஜயகுமாரிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. மறுநாள் பவுனம்மாள் அதை ஈரக் கந்தலில் சுற்றிக்கொண்டு பதிவுக்கு வந்தாள். ‘பிறந்த இடம்’ என்ற கட்டத்தில் என் பேனா நின்றது.

“சொந்த வீடுன்னு எழுதுய்யா” என்றார் மேர். எழுதினேன்.

“இன்னா எழுதினீங்க?” என்றாள் பவுனம்மாள்.

சொன்னேன். “வூடு இதுலதான் இருக்குதா? அப்ப இங்கயே படுத்துக்கட்டும்” என்று, விரித்திருந்த ஏட்டின்மேல் பிள்ளையைக் கிடத்தினாள்.

மேர் பதறி ஓடிவந்தார். பிள்ளையை என் கையில் தள்ளிவிட்டு, ஏட்டைத் தம் பட்டுத் துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்தார். “சர்க்கார் ஏட்டுல ஒரு சொட்டு ஈரம் படலாமாய்யா?” என்றார். குரல் தழுதழுத்தது.

ஏடு இன்றும் பத்திரமாக இருக்கிறது. பிள்ளை எட்டாம் நாள் போய்விட்டது. அதையும் நான்தான் பதிந்தேன். இறந்த இடம்: சொந்த வீடு.